தோட்டத்து எல்லையில் நின்ற சட்டம்

இலங்கையின் மலைநாட்டில், ஹட்டன் பட்டினத்திலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட்டை நோக்கிச் செல்லும் பெருவீதியில், தேயிலைக் கொழுந்து மலைகளை ஊடறுத்துக்கொண்டு இடமும் வலமுமாகப் பிரிந்து மேலேறும் தோட்டப் பாதைகள் பல உண்டு. அவற்றுள் ஏதேனும் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன்னர் கால்நடையாகத் திரும்பியவர், பெருவீதியின் தார்ப்பூச்சு தோட்டத்தின் பெயர்ப்பலகைக்கு அருகிலேயே நின்றுபோவதையும், அதற்கப்பால், வெள்ளைத்துரைமார் காலத்தில் அடுக்கிய கருங்கல்லின்மேல், மழைநீர் அறுத்த பள்ளங்களோடு பழைய வண்டிப்பாதை தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் வரை வளைந்து செல்வதையும் கண்டிருப்பார். அந்த இடத்தில் மலையும் மாறவில்லை, மண்ணும் மாறவில்லை. சட்டத்தின் வாசகம் ஒன்று அங்கே முடிந்தது. பிரதேச சபையின் எல்லைக்குள்ளேயே அந்தத் தோட்டம் இருந்தது. அத்தோட்டத்து மக்கள் அந்தச் சபைக்கு வாக்களித்தார்கள். ஆனால் சபையின் பணம் பெயர்ப்பலகையைத் தாண்டி உள்ளே போக வழி இருக்கவில்லை.

ஓர் ஊரின் சபையை அமைத்துக் கொடுக்கும் மூலப் பிரமாணத்தை மாற்றுவது எப்படி, மாற்றும் அதிகாரம் யாருடையது என்ற கேள்வி, சட்ட நிபுணர்களுக்கு மாத்திரம் உரிய வறண்ட விஷயமாகப் பலருக்குத் தோன்றலாம். மலைநாட்டுத் தோட்டங்களின் சரித்திரத்தைச் சிறிது அக்கறையோடு பார்ப்பவருக்கு அவ்வாறு தோன்றாது. குடிநீர்ப் பீலியும், நோயாளியைத் தூக்கிச் செல்லும் பாதையும், இறந்தவரைப் புதைக்கும் இடமும் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையையே பொறுத்திருந்தன.

இத்தகைய திருத்தத்துக்குத் தமிழர் அறிந்த மிகப் பழைய உதாரணங்களுள் ஒன்று உத்தரமேரூரில் கல்லில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919இல், அவ்வூர்ச் சபையார் கூடி, குடும்பு எனப்பட்ட 30 ஊர்ப்பகுதிகளிலிருந்து குடவோலை மூலம் வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்தனர். வகுத்த முறையில் குறை கண்டதும் அவர்கள் காத்திருக்கவில்லை; இரண்டே ஆண்டுகளில், 921இல், மன்னனின் ஆணையோடு வந்த அதிகாரி உடனிருக்க, அதே சபையார் மீண்டும் கூடி அந்த விதியைத் திருத்தினர். முன்பு 30 வயதுக்கு மேல் 60க்குள் என்றிருந்த தகுதி, 35க்கு மேல் 70க்குள் என்று மாறிற்று. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர்களோடு அவர்களது உறவினரும் விலக்கப்பட்டனர். முதல் விதியும் திருத்தமும் ஒரே கோயிலின் சுவரில் அருகருகே வெட்டப்பட்டிருப்பதால், என்ன இருந்தது, என்ன ஆயிற்று என்பதை எழுத்தறிந்தோர் எவரும் நின்று வாசித்தறிய முடிந்தது. இதில் ஊரார்க்கு இருந்த உரிமையை வியந்து போற்றுவோர் பலர். அந்த வியப்பில் எனக்கும் பங்குண்டு. எனினும் அதே கல்வெட்டில் உள்ள வேறொரு நிபந்தனையையும் மறக்கலாகாது. குடத்தில் ஓலை இடப்படுவதற்கு ஒருவருக்கு இறைசெலுத்தும் கால்வேலி நிலம் இருக்கவேண்டும். தம் சொந்த மனையிலே வீடு கட்டிக் குடியிருக்கவும் வேண்டும். மனை தம்முடையதல்லாத வீட்டில் இருந்தவனுக்கு ஓலை கிடையாது.

ஊர்ச் சாசனத்தைத் திருத்தும் முறை பிற இடங்களில் வேறு வேறு உருவத்தில் இருந்திருக்கிறது; இந்த மனைப் பிரமாணமும் அங்கங்கே தலைகாட்டியிருக்கிறது. சென்னைப் பட்டினத்துக்கு 1687ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதியிட்ட சாசனத்தின் மூலம் நகராண்மை கிடைத்து, மறு ஆண்டு செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அந்தச் சாசனத்தை மாற்றவேண்டுமானால் கடல் கடந்து இன்னொரு சாசனம் வரவேண்டும், அவ்வாறே 1726லும் 1753லும் வந்தது. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் 1875ஆம் ஆண்டு அரசியலமைப்பு, நகரத்தார் தம் சாசனத்தைத் தாமே எழுதிக்கொள்ளலாம், தாமே வாக்கெடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்ற புதிய உரிமையைத் தந்தது. 1876இல் செயின்ட் லூயிஸ் நகரம் அவ்வுரிமையை முதன்முதலாகப் பயன்படுத்தியது. அங்கேயும் சாசனத்தின் வரைவை எழுதுவதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட 13 பேரும் நில உடைமையாளராக இருக்கவேண்டும் என்பதே விதி. வீட்டின் கீழுள்ள நிலம் யாருடையது என்று கேட்டுவிட்டுத்தான் உலகம் ஒருவரை ஊரார் என்று ஒப்புக்கொண்டு வந்திருக்கிறது. மலைநாட்டில் இந்தக் கேள்வி எத்தனை கடுமையாகக் கேட்கப்பட்டது, எத்தனை காலம் கேட்கப்பட்டது என்பதையே இங்கே சொல்ல முற்படுகிறேன்.

இலங்கையில் பிரித்தானிய அரசாங்கம் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு உயிர் கொடுத்தது கட்டளைச்சட்டங்களின் வழியாக. 1865ஆம் ஆண்டின் சட்டம் கொழும்பு, கண்டி முதலிய பெரிய நகரங்களுக்கு மாநகர சபை தந்தது. வெயிலுக்கு அஞ்சிய வெள்ளைக்காரருக்கு வாசஸ்தலமாக வளர்ந்த நுவரெலியாவுக்கும் நகர பரிபாலனம் பின்னர் கிடைத்து, இன்று அது மாநகர சபையாக இருக்கிறது. கிராமங்களுக்கு 1871ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. வயலுக்கு நீர் விடுவதும், வேலி காப்பதும், மாடு மேய்ந்த வழக்கைத் தீர்ப்பதும், ஊர்ப்பாதையைச் செப்பனிடுவதுமாகப் பண்டைக் காலத்துக் கம்சபாக்கள் செய்துவந்த கருமங்களை மீண்டும் ஒரு முறைமைக்குள் கொண்டுவருவது அதன் நோக்கம். 1889இல் அச்சட்டம் புதுக்கி எழுதப்பட்டபோது, ஐரோப்பியரும் பறங்கியரும் இந்தியத் தோட்டத் தொழிலாளரும் அதன் வரிக்கும் வாக்குக்கும் புறம்பாக வைக்கப்பட்டனர். முதல் இரு வகுப்பாருக்கும் கிராமச் சபை தங்கள் நிலைக்குத் தாழ்வானது என்ற எண்ணம் இருந்திருக்கலாம். மூன்றாம் வகுப்பாரை யாரும் கேட்டதாகவே தெரியவில்லை.

அப்போது தோட்டம் எப்படி இருந்தது என்பதைச் சிறிது நிதானித்துப் பார்ப்பது நல்லது. கோப்பிப் பயிர் 1869இல் கண்ட இலைநோயால் அழிந்து, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தொடங்கிய தேயிலை மலைகள் முழுவதையும் மூடிக்கொண்ட காலம் அது. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகைவண்டி ஏறிவந்த பின்பு, திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் ஆகிய சீமைகளிலிருந்து கங்காணியின் கீழ் வந்த குடும்பங்கள் லயங்களில் நிலைபெற்றுவிட்டன. ஒரே கூரையின் கீழ், ஒரு சுவரை இரு குடும்பம் பங்கிட்டுக்கொள்ள, பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் வரிசையாக நின்ற காம்பராக்கள்; முன்னால் ஓர் ஒடுங்கிய விறாந்தை; சற்றே கீழே இறங்கினால் மலையூற்றிலிருந்து நீர் கொணரும் பீலி. இருட்டு விலகுமுன் தப்பு அடித்ததும் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுப்பது, கணக்கப்பிள்ளை காட்டிய மலைக்குப் போய்க் கொழுந்து எடுப்பது, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுச் செல்வது, மாலையில் நிறுவையிடத்தில் கூடையை இறக்குவது என்று பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே நடந்தன. தோட்டத்தை நடத்திய பெரியதுரையின் வாக்கே அங்கே உபவிதி. அவருடைய காரியாலயமே ஊர்ச் சபை.

தோட்டம் தனியார் நிலம், ஆகையால் சட்டம் அதற்குள் நுழையக் கூடவில்லை என்று பிற்காலத்தில் சமாதானம் சொன்னவர்கள் உண்டு. அது உண்மைக்குப் பொருந்தாது. 1872ஆம் ஆண்டிலேயே தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென்று ஒரு கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. 1927இல் குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் சட்டம் வந்தது. தொழிலாளி என்ற கோலத்தில் அவரைத் தேடிச் சட்டம் லயத்தின் வாசல் வரை போயிற்று. ஊரார் என்ற கோலத்தில் அவரைத் தேடி ஒருபோதும் போகவில்லை என்பதே நான் கவனித்தது.

1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ்ச் சர்வஜன வாக்குரிமை வந்தபோது, இந்த நிலைமையின் முரண் பகிரங்கமாயிற்று. நாட்டில் நிலையாக வசித்தவர் என்ற தகுதியைக் காட்டிய தோட்டத்து ஆணும் பெண்ணும் அரசாங்க சபைக்கு வாக்களிக்கலாயினர். ஹட்டன் தொகுதி 1931இல் பெரி. சுந்தரத்தை அனுப்பிற்று, அவர் தொழில் அமைச்சராகவும் ஆனார். 1936இல் அதே தொகுதி, தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்ட கோ. நடேசய்யரை அனுப்பியது. நாட்டின் சபைக்கு ஆள் அனுப்பத் தகுதி பெற்றவர்கள், பக்கத்துக் கிராமத்தின் மதகையும் சந்தையையும் பற்றித் தீர்மானிக்கும் சபைக்கு ஆள் அனுப்பத் தகுதியற்றவர்களாகவே இருந்தனர்.

அப்பொழுதுதான், 1937ஆம் ஆண்டில், ஸ்தல பரிபாலன அமைச்சராயிருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவைக் கொண்டுவந்தார். கிராமச் சபைகளை விரிவாக்கி அவற்றுக்கு மெய்யான அதிகாரம் கொடுக்கும் நல்ல நோக்கம் அதில் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஐரோப்பியர்மீதும் பறங்கியர்மீதும் இருந்த பழைய விலக்கை அம்மசோதா நீக்கியது. இந்தியத் தோட்டத் தொழிலாளர்மீது இருந்த விலக்கை மாத்திரம் அப்படியே வைத்துக்கொண்டது. தோட்டங்களைச் சூழ்ந்த கண்டிச் சீமைக் கிராமங்களில் தோட்டத்து வாக்குகள் பெருந்தொகையாகச் சேர்ந்தால் கிராமத்தாரின் குரல் அமுங்கிவிடும் என்ற பயம் ஒரு பக்கம். தொழிலாளருக்கு வேண்டியதையெல்லாம் தோட்டமே செய்கிறது, அதன்மேல் கிராமச் சபைக்கும் வரி ஏன் என்ற தோட்ட முதலாளிமாரின் கணக்கு மறுபக்கம். காணியைக் கோப்பிக்கும் தேயிலைக்கும் பறிகொடுத்த கிராமத்தாரின் பயத்துக்கு நியாயமான வேர் ஒன்று இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் காணியை எடுத்தவர் ஒருவர், அதற்கு ஈடு செலுத்தவேண்டியவராக ஆக்கப்பட்டவர் வேறொருவர்.

ஒரே சட்டத்தில் ஒரு வகுப்பாரை மட்டும் பெயர் சொல்லி விலக்குவது இனபேதம் என்று இந்திய அரசாங்கம் ஆட்சேபித்தது. அந்த ஆட்சேபம் வீணாகவில்லை; மசோதா திருத்தப்பட்டது. எவ்வாறு திருத்தப்பட்டது என்பதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. இந்தியர் என்ற சொல் எடுக்கப்பட்டது; தோட்டத்தில் தொழிலாளியாக வசிப்பவர் எவரும், எந்த இனத்தவராயினும், விலக்கப்படுவர் என்ற பொருளில் வேறு வாசகம் வைக்கப்பட்டது. லயங்களில் குடியிருந்த சொற்பச் சிங்களத் தொழிலாளரும் இதனால் வாக்கிழந்தார்கள். இனபேதம் என்ற குற்றச்சாட்டுக்கு இடமில்லாமல், அதே மக்கள் வெளியே வைக்கப்பட்டார்கள். இனத்தின் பெயர் போய், வீட்டின் பெயர் வந்தது. உத்தரமேரூர்க் கல்வெட்டில் கண்ட பழைய நிபந்தனை, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, கடல் கடந்து ஒரு மலைநாட்டில் சட்டமாக நிலைபெற்றது. தொழிலாளி இருக்கும் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம்; ஆதலால் அவர் ஊராரில் சேர்த்தியல்ல.

இதற்குப் பின்வந்த காலத்தை விரைவாகக் கடக்கிறேன். அதன் துயரம் தமிழ் வாசகர் நன்கறிந்தது. 1939 ஜூலையில் ஜவாஹர்லால் நேரு வந்து சென்றபோது இலங்கை இந்திய காங்கிரஸ் பிறந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் அதன் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் புகுந்தனர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் அந்த வாக்காளர்களின் காலடி மண்ணையே பறித்தன. 1952இல் ஒருவரும் செல்லவில்லை. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்தன. இந்நாட்டுப் பிரஜையா என்ற கேள்விக்கே விடையற்று நின்றவர்கள், இந்தக் கிராமத்துப் பிரஜையா என்று கேட்பதற்கு அவகாசமேது? கிராமச் சபை விஷயம் அரை நூற்றாண்டு பேசப்படாமல் கிடந்ததற்கு இதுவே காரணம். 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. நிலத்தின் சொந்தக்காரர் மாறினார், லயம் மாறவில்லை.

1980ஆம் ஆண்டின் அபிவிருத்திச் சபைச் சட்டம் பழைய கிராமச் சபைகளையும் பட்டின சபைகளையும் எடுத்துவிட்டது. சில ஆண்டுகள் சென்று, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தது. அதன் தேர்தல் 1991இல் நடந்தது. அதற்குள் 1986ஆம் ஆண்டின் சட்டமும் 1988ஆம் ஆண்டின் சட்டமும் நாடற்றவராயிருந்த பெருந்தொகையினருக்குப் பிரஜாவுரிமை கொடுத்திருந்தன. ஆகவே தோட்டத்து மக்கள் வரிசையில் நின்று பிரதேச சபைக்கு வாக்களித்தனர், தம்மவரை உறுப்பினராக்கினர். 1871 முதல் 1991 வரை நூற்றிருபது ஆண்டு கடந்து கிடைத்த பேறு அது.

ஆனால் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு அந்தப் பேற்றின் பாதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. தன் எல்லைக்குள் வாழ்வோருக்குப் பாதை, கிணறு முதலான பொது வசதிகளைச் சபை செய்து கொடுப்பதைப் பற்றிப் பேசும் அப்பிரிவின் வாசகம், தோட்டக் குடியிருப்புகளைப் புறத்தே நிறுத்தியது. வாக்கு உள்ளே, வசதி வெளியே. பாதையைச் செப்பனிடக் கேட்டுவரும் தோட்டத்து மக்களுக்கு அவர்களே தேர்ந்தெடுத்த உறுப்பினர் என்ன சொல்வார்? தீர்மானம் நிறைவேற்றலாம், ஆனால் அத்தீர்மானத்தின்படி செலவு செய்தால், அது சட்டத்துக்குப் புறம்பான செலவென்று கணக்காய்வில் கேள்வி வரும். அக்கேள்விக்குப் பயந்து உத்தியோகஸ்தர் கோப்பைத் திருப்பி அனுப்புவர். தோட்ட நிர்வாகத்திடம் போனால், இப்போது உங்களுக்குப் பிரதேச சபை இருக்கிறதே என்பர். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு, இவ்விரு வாசல்களுக்கும் இடையே நடந்து தேய்ந்தவர்களின் எண்ணிக்கை அதிகமாயிற்று.

இந்தக் குறையை நீக்கச் சபைகளே ஏன் முயலவில்லை என்று கேட்கலாம். இங்கேதான் திருத்தும் முறைமையை விளக்கிச் சொல்லவேண்டியிருக்கிறது. இலங்கையில் ஒரு பிரதேச சபைக்குத் தன் மூலப் பிரமாணத்தில் ஓர் எழுத்தையும் மாற்றும் அதிகாரம் இல்லை. சந்தை, மயானம், குப்பை, கட்டிடம் முதலியவை பற்றி அது துணைவிதிகள் செய்யலாம். அவையும் மேலதிகாரியின் அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளிவந்த பின்பே உயிர்பெறும். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் உள்ளூராட்சியை மாகாண சபைகளின் பட்டியலில் சேர்த்ததாயினும், சபைகளின் அமைப்பையும் உருவத்தையும் நிர்ணயிக்கும் உரிமையை மத்தியிலேயே வைத்தது. அமைப்பை மாற்ற இரண்டே பாதைகள். சபையின் எல்லை எது, பெயர் எது என்பதை அமைச்சர் வர்த்தமானியில் வெளியிடும் கட்டளை ஒன்றினால் மாற்றலாம். சபையின் அதிகாரம் எது என்பதை மாற்றவேண்டுமானால், பாராளுமன்றம் ஒரு திருத்தச் சட்டம் இயற்றவேண்டும். செயின்ட் லூயிஸ் நகரத்தாரைப் போலத் தோட்டத்து மக்கள் வாக்குச்சீட்டில் ஆம், இல்லை என்று குறித்துத் தம் சபையின் விதியைத் திருத்திக்கொள்ள எந்த வழியும் கிடையாது. உத்தரமேரூர்ச் சபையாரைப் போலக் கூடியிருந்து இரண்டு ஆண்டில் மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. கொழும்பிலே தம் பொருட்டுப் பேச ஆள் இருக்கும் நாளுக்காகக் காத்திருப்பதே அவர்களுக்கு இருந்த வழி.

2015க்குப் பின்னர் இரண்டு பாதைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் திறந்தன. எல்லையைப் பற்றிய பாதை முந்திக்கொண்டது. நுவரெலியா மாவட்டத்தின் ஜனத்தொகை 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 7 இலட்சத்தைக் கடந்தது. அதில் பாதிக்கு மேற்பட்டோர் தோட்டத் துறையில் வாழ்பவர்கள். அவர்களுள் பெரும் பகுதியினர் அம்பகமுவ, நுவரெலியா என்ற இரண்டே பிரதேச சபைகளின் கீழ் அடங்கியிருந்தனர். ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். நாட்டின் பிற பகுதிகளில் சில ஆயிரம் பேருக்கே ஒரு சபை இருக்கும்போது, மஸ்கெலியாவின் மேல்மலையிலிருப்பவர் ஒரு சிறு காரியத்துக்கும் பகல் முழுவதையும், அன்றைய பேரையும் இழந்து இறங்கிவரவேண்டியிருந்தது. பேர் என்பது எங்கள் பக்கத்தில் ஒருநாள் கூலி; அதை இழந்தவருக்கே அதன் பாரம் தெரியும். நீண்ட கோரிக்கைக்குப் பிறகு, இரண்டு சபைகளும் ஆறாக்கப்பட்டன. அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட் என ஒன்று மூன்றாயிற்று. நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என மற்றொன்றும் மூன்றாயிற்று. 2018 பெப்ரவரி 10ஆம் தேதி நடந்த தேர்தலில் அந்தப் புதிய சபைகளுக்கும் வாக்களிப்பு நடந்தது. நாடெங்கும் உள்ள உள்ளூராட்சிச் சபைகளின் தொகை அத்தேர்தல் காலத்தில் 341.

புதிய எல்லைகளும் புதிய கட்டிடங்களும் வந்த அந்த மாதங்களில் 33ஆம் பிரிவு பழைய வாசகத்தோடே இருந்தது என்பதை நினைவூட்டவேண்டும். தோட்டங்களைத் தவிர வேறு நிலம் அதிகமில்லாத சபைகள் தோட்டத்துக்குள் செலவு செய்யக் கூடாதவையாகப் பிறந்தன. அந்த வருஷத்திலேயே இரண்டாம் பாதையும் நடந்து முடிந்தது. சட்டமூலம் முதலில் வர்த்தமானியில் வெளியாகி, அன்றிருந்த விதிப்படி குறைந்தது 14 நாள் பொதுமக்கள் பார்வையில் இருக்கவேண்டும். பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியபின் ஒரு வாரத்துக்குள் எந்தப் பிரஜையும் உயர் நீதிமன்றம் சென்று அதனை ஆட்சேபிக்கலாம் என்றும் அன்று இருந்தது. அதன்பின் இரண்டாம் வாசிப்பு, குழுநிலை, மூன்றாம் வாசிப்பு. இறுதியாகச் சபாநாயகரின் கையொப்பம். இவ்வளவு சடங்குகளையும் கடந்து மாறியது சில சொற்கள்தான். அந்தச் சில சொற்களால், தோட்டக் குடியிருப்புகளுக்கும் பாதையும் நீரும் பிற வசதிகளும் செய்து கொடுக்கப் பிரதேச சபைக்கு வழி பிறந்தது. 1987 முதல் 2018 வரை 31 ஆண்டுகள். 1937இல் தோட்டத்து வீட்டை விலக்கிய வாசகத்திலிருந்து எண்ணினால் 81 ஆண்டுகள். மலைநாட்டுப் பிரதேசத்தில் புதிய கிராமங்களை உண்டாக்குவதற்கான அதிகார சபைச் சட்டமும் அதே 2018இல் நிறைவேறியது.

சட்டம் மாறிய மறுநாளே பாதையெல்லாம் தார் பூண்டுவிட்டதென்று எழுத எனக்கு ஆசைதான். தோட்ட நிலம் இன்றும் அரசுக்குச் சொந்தமாகவும் கம்பனிகளின் குத்தகையிலும் இருக்கிறது. சபை ஒரு மதகு கட்டப் போனாலும் அந்த நிலத்தை வைத்திருப்பவரின் சம்மதத்தைத் தேடவேண்டியிருக்கிறது. லயங்களுக்குப் பதிலாக எழும் தனிவீடுகள் கூடிவருகின்றன. ஆயினும் லயக்காம்பராவில் பிறந்து அங்கேயே முதுமை எய்தியவர்களின் தொகை இன்னும் பெரிது. கடிதம் வந்தால் பல தோட்டங்களில் அது தோட்டக் காரியாலயத்துக்கே முதலில் போகிறது. அங்கிருந்து யாராவது லயத்துப் பக்கம் வரும்போது கொண்டுவந்து சேர்க்கும்வரை காத்திருக்கவேண்டும். வேலைக்கு அழைக்கும் கடிதம் நேர்முகப் பரீட்சை முடிந்தபின் கையில் கிடைத்த பிள்ளைகளின் கதை எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் ஒன்றாவது கிடைக்கும். வீதிக்குப் பெயரும் வீட்டுக்கு இலக்கமும் கொடுப்பது சபையின் வேலை. அந்த வேலை தோட்டத்தில் பெரும்பாலும் இனிமேல்தான் நடக்கவேண்டும்.

சென்ற வருஷம் மழைக்காலத்தில், புதுவீடுகள் சில கட்டி முடிந்திருந்த ஒரு தோட்டத்துக்கு நான் போயிருந்தேன். பென்சன் எடுத்த ஒரு தாயார், கொழும்பிலிருக்கும் மகனுக்கு அனுப்பவேண்டிய பொதி ஒன்றைக் கொண்டுவந்து, அனுப்புவோர் விலாசத்தை எழுதித் தரும்படி கேட்டார். பொதியின் மேல் காகிதத்தைத் தடவி நேர்செய்து, பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு, விரலை அதன்மேல் வைத்தபடியே கொஞ்சம் யோசித்தார்.

"ஐயா, பழைய லயத்து நம்பரப் போடுறதா, இந்தப் புதுவூட்டு நம்பரப் போடுறதா?"

"வீட்டுக்கு நம்பர் குடுத்துட்டாங்களாம்மா?"

"அவுங்க இன்னும் குடுக்கல. மகன்தான் சுவத்துல எழுதிட்டுப் போயிருக்கான்."

வாசற்சுவரில், மழைச் சாரல் படாத உயரத்தில், நீலப் பூச்சினால் பெரிதாக 14 என்று எழுதியிருந்தது. நான் அதைப் பொதியின் மேல் எழுதி, அதற்குக் கீழே தோட்டத்தின் பெயரையும், அதற்கும் கீழே பிரதேச சபையின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பழைய லயத்து இலக்கத்தையும் ஓரத்தில் சின்னதாகச் சேர்க்கச் சொன்னார்.